பின் இருக்கைக் குரல்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குப் போகும் பழைய சாலையில், தலைக்கவசத்துக்குள் தனியாகப் பேசிக்கொண்டே மோட்டார் ஓட்டும் ஒரு பெண்ணைச் சிலர் பார்த்திருப்பார்கள். அது நான்தான். பைத்தியம் ஒன்றும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் மல்யுத்தம் செய்துகொண்டு போகிறேன், அவ்வளவுதான். முன்பு அந்தப் பேச்சைப் பேசுவதற்கென்றே என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் சிங்கப்பூருக்குப் போய் மூன்று தீபாவளி ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது என் சோற்றுப் பையைக் கட்டிக்கொண்டு போகிறேன்.

அவள் ஈப்போவில் சிலிபின் பகுதிக்காரி. நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பெண். தோட்டம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். ரப்பர் பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீடுகளை இடித்து, எங்களைப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் குடிவைத்து வெகுகாலம் ஆகிறது. பள்ளி முடித்த கையோடு இருவரும் மாநில மல்யுத்தப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தோம். அவள் என்னைவிட ஓர் எடைப் பிரிவு மேலே. போட்டியில் நாங்கள் மோதிக்கொள்ள வேண்டியதில்லை என்பதால் பயிற்சியில் எங்களை ஜோடியாக்கிவிட்டார்கள்.

மல்யுத்தத்தில் ஜோடி என்றால் என்னவென்று வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். கட்டிய புருஷனைக்கூட ஒருத்தி அவ்வளவு நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க மாட்டாள். என் பிடரியில் அவள் கை விழுந்தால் போதும், நேற்று சரியாகத் தூங்கினாளா, வீட்டில் சண்டையா, இன்று என்னைச் சும்மா விடுவாளா மாட்டாளா என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு நான் ஏங்குவது அவள் முகத்துக்காகக்கூட இல்லை. முகத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கையின் கனத்துக்காகத்தான் ஏங்குகிறேன். அவளுக்குப் பிறகு எனக்கு வேறு ஜோடிகள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு உடம்பில் குறை இருந்ததில்லை. பயிற்சியில் என்னைத் தூக்கிப் போட ஆள் தேட வேண்டும். ஆனால் போட்டி நாளில் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னதும் வாசல் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். கால் என் கால் மாதிரியே இருக்காது. எதிராளி முதல் புள்ளி எடுத்துவிட்டால் முடிந்தது கதை. அவள் ஜெயிக்கும் முன்பே நான் மனதுக்குள் துணி மாற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். இப்படியே தொடர்ந்து முதல் சுற்றில் வெளியேறிக்கொண்டிருந்தேன். அடுத்த தேர்வில் என்னை எடுப்பதா விடுவதா என்று பயிற்சியாளர் யோசிப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் கோலாலம்பூரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். விளையாட்டாளர்களின் மனதைத் தயார்செய்வது அவர் வேலை. எங்களை மேட்டில், அதாவது மல்யுத்த மெத்தையில், மல்லாந்து படுக்கவைத்து, கண்ணை மூடி, நாம் ஜெயிப்பதைப் பார்க்கச் சொன்னார். நடுவர் நம் கையைத் தூக்குகிறார், கூட்டம் கைதட்டுகிறது, பாருங்கள் என்றார். நானும் பார்த்தேன். நடுவர் எதிராளியின் கையைத்தான் தூக்கினார். நான் கண்ணை இறுக்கினேன். அவர் இன்னும் உயரத் தூக்கினார். மற்றவர்களுக்கு அந்த வகுப்பு உதவியது, பொய் சொல்லக்கூடாது. என் ஜோடி மட்டும் பக்கத்தில் படுத்து லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் அவள் என்னோடு மோட்டாரில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டு ஞாயிறு காலையில் தேவாலயத்துக்குத் திரும்புவாள். என் அம்மாவின் கருவாட்டுக் குழம்புதான் காரணம். ஜெலாப்பாங் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"கண்ண மூடி என்னாடி பாத்த?"

"தோத்தேன்."

"கண்ண மூடிக்கூடவா? அலாமாக்!"

அவள் சிரித்த சிரிப்பில் மோட்டார் ஆடியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் என் தோளைத் தட்டினாள்.

"சரி, கண்ணத் தொறந்துக்கிட்டுத் தோத்துப் பாரு. ரோட்டப் பாத்து ஓட்டு. நா சொல்றத மட்டும் கேளு."

பந்தாட்ட வர்ணனைக்காரரின் குரலை எடுத்துக்கொண்டு தொடங்கினாள். "இதோ, செவப்பு உடுப்புல நம்ம சுங்கை சிப்புட் பொண்ணு. நீல உடுப்புல சபாக்காரி. சபாக்காரி கைய பாருங்க, உலக்கை மாதிரி. விசில் அடிச்சாச்சு. ஐயையோ, நம்ம பொண்ணு காலக் குடுத்துட்டா! ரெண்டு பாயிண்ட் போச்சு. இப்ப என்னா செய்வா?"

அதோடு நிறுத்திவிட்டாள். நான் பதில் சொல்லும்வரை வாயைத் திறக்கவில்லை. சும்மா இருந்ததற்கு விலாவில் ஒரு குத்து விழுந்தது.

"இடுப்பப் புடிக்கிறேன்" என்றேன்.

"எந்தக் கை?"

"சோத்துக் கை."

"அந்தக் கைலதான் அவ தொங்கிக்கிட்டிருக்கா. வேற சொல்லு."

சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டி, லோரிகளுக்கு வழிவிட்டு, செம்பனை தொடங்கும் இடம் வருவதற்குள் அந்தச் சபாக்காரியிடம் மூன்று முறை விழுந்து எழுந்துவிட்டேன். வீடு வரும்போது உள்ளங்கை வியர்த்திருந்தது. அன்று நான் ஜெயித்தேனா என்று நினைவில்லை. ஆனால் புள்ளி போன பிறகும் ஆட்டம் பாக்கி இருக்கிறது என்பதை என் உடம்பு முதல் தடவையாக நம்பியது. அதற்கு முன்பு பலர் வாயால் சொல்லி நான் நம்பாத விஷயம் அது.

பிறகு அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு மாநிலத்து எதிராளியைக் கொண்டுவருவாள். பகாங்குக்காரி ஒருத்தி கடிப்பாள். ஜொகூர்காரி அழுது நடுவரை ஏமாற்றுவாள். எவள் வந்தாலும் முதல் புள்ளி என்னுடையதாக இருக்காது. ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன், ஒரு தடவையாவது என்னை முன்னால் விடக்கூடாதா என்று. "ஜெயிக்கிற கதைக்கு நா எதுக்குடி? அத நீயே பாத்துக்குவ" என்றாள். போட்டிகளிலும் தண்ணீரும் துண்டும் பிடித்துக்கொண்டு என் மூலையில் அவள்தான் நின்றாள். பின்னாலிருந்து அதே குரல், "இப்ப என்னா செய்வா?" என்று கேட்கும். கால் தானாக என்னுடையதாகிவிடும். முதல் சுற்றுகளைத் தாண்டத் தொடங்கினேன்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காரியமாகக் கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் அந்தக் காரியம் உருப்படாது என்பதில் அம்மாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நம்மில் பலர் வீட்டில் உள்ளதுதான். ஆனால் அம்மா அதைக் கடைப்பிடிக்கும் விதம் தனி. நான் காலில் போடும் சப்பாத்தை மறந்துவிட்டு மோட்டாரைக் கிளப்பினால் கூப்பிட மாட்டார். பக்கத்துச் சந்து வழியாகச் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடி, சாலை முனையில் எனக்கு முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்கியபடி, "சப்பாத்து" என்பார். என் ஜோடி இதைப் பார்த்துவிட்டுப் பின் இருக்கையில் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

தேசியப் போட்டிக்கு மாநில அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டங்கள் ஈப்போவில் நடந்தன. என் பிரிவில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன். மகள் மல்லுக்கட்டுவதைப் பார்க்க மனம் வராமல் அதுவரை ஒதுங்கியிருந்த அம்மா, அன்று பட்டுச்சேலை கட்டி, அம்மன் கோயில் திருநீற்றோடு வந்து, எங்கள் மூலைக்குப் பின்னாலேயே உட்கார்ந்தார். எனக்கும் பூசினார். சிலுவைக்குறி போட்டுக்கொண்டிருந்த என் ஜோடிக்கும் பூசினார். அவளும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். நான் மேட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

விசில் அடித்தது. எதிராளி வந்த வேகத்தில் என் காலை வாரினாள். ரெண்டு புள்ளி. எனக்குப் பயமில்லை, இதோ கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கூட்டத்தின் சத்தம், பயிற்சியாளரின் சத்தம் எல்லாம் வருகிறது, அவள் சத்தம் மட்டும் வரவில்லை. அதைத் தேடிக்கொண்டிருந்ததில் மறுபடியும் விழுந்தேன். பழைய கால் திரும்பி வந்துவிட்டது. முதல் பாதி முடிந்து மூலைக்கு வந்தபோது கோபத்தில் எனக்கு அழுகையே வந்தது.

"வாய்ல என்னா கொழுக்கட்டையா?" என்று கத்தினேன்.

அவள் துண்டால் என் முகத்தைத் துடைத்தபடி கண்ணால் பின்னே காட்டினாள். "ஆன்ட்டி கையப் புடிச்சிக்கிட்டாங்க லா. பின்னால இருந்து சத்தம் போடாதே, போற காரியம் கெட்டுடும்னு. நா என்னா செய்ய? எப்படி எதுத்துப் பேச?"

"அப்ப முன்னால வந்து கத்து!"

ஆத்திரத்தில் சொன்னதுதான். அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். இரண்டாம் பாதி தொடங்கியது. என் எதிராளியின் தோளுக்கு மேலே, மேட்டின் அந்தப் பக்கத்து ஓரத்தில், துண்டும் கையுமாக அவள் நிற்கிறாள். "நாலு பாயிண்ட் கீழ இருக்கா நம்ம பொண்ணு! இப்ப என்னா செய்வா?" மல்யுத்தத்தில் யாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, பிடி தேடிச் சுற்றிக்கொண்டே இருப்போம். நான் திரும்பத் திரும்ப அவளும் மேட்டைச் சுற்றி ஓடினாள். நான் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் அங்கே வந்து சேர்ந்தாள். மேசையில் இருந்த அதிகாரிகள் "டுடோக்! டுடோக்!" என்று உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். பயிற்சியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். எதிராளியின் பயிற்சியாளரே சிரித்துவிட்டார். அவள் பயிற்சியில் அடிபட்டுக் கெட்டுப்போன முழங்காலை நொண்டிக்கொண்டு ஓடியதை நான் பார்த்தேன். எனக்குள் ஏதோ பொங்கியது. இடுப்பு கையில் கிடைத்தது, தூக்கிப் போட்டேன். அப்புறம் ஜெயிக்கும்வரை விடவில்லை.

ஆட்டம் முடிந்து வந்தபோது அம்மா அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "முன்னால போயிச் சொல்றதுல ஒண்ணும் தப்பில்ல கண்ணு" என்றார். அவளுக்குப் பயிற்சியாளரிடம் நல்ல திட்டு விழுந்தது. அன்று மாலை மூன்று பேரும் வாழை இலைச் சோறு சாப்பிட்டோம். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மாலை வந்ததில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை.

அடுத்த வருடம் அவள் முழங்கால் முழுதாகக் கைவிட்டுவிட்டது. இதற்கிடையில் அவள் தாதிப் படிப்பு முடித்திருந்தாள். சிங்கப்பூரில் முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்தது. யாரும் அவளைத் துரத்தவில்லை. அவள் விரும்பித்தான் போனாள். எனக்கு அதில்தான் கோபம். கட்டாயத்தில் போயிருந்தால் இருவரும் சேர்ந்து அழுதிருக்கலாம். அவளோ புதுச் சீருடையைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினாள், முகமெல்லாம் பல்லாக. நானும் இதயம் போட்டு அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கட்டிலில் வீசி எறிந்தேன்.

அவள் இல்லாமல் போன முதல் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தேன். அடுத்ததற்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகவே இல்லை. விஷயம் அவள் காதுக்குப் போனதும் குரல்பதிவு அனுப்பத் தொடங்கினாள். வேலை முடிந்து பேருந்தில் வரும்போது பேசி அனுப்புவாள். தலைக்கவசத்துக்குள் காதில் மாட்டிக்கொண்டு ஓட்டுவேன். முதலில் தேன் மாதிரி இருந்தது. அதே குரல், அதே சபாக்காரி. ஆனால் சில நாளில் எனக்கு ஒன்று உறைத்தது. இப்போதெல்லாம் முதல் புள்ளி எனக்குத்தான் கிடைத்தது. பகாங்குக்காரி கடிப்பதில்லை. "நம்ம பொண்ணு முன்னால இருக்கா, விடமாட்டா" என்று முடியும். தனியாக இருக்கிறாளே என்று அவளுக்கு என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. தோற்கடிக்க மனம் வரவில்லை. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. காரணத்தைச் சொல்லாமல் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

அப்போதிலிருந்துதான் நானே பேச ஆரம்பித்தேன். அவள் குரலைப் போலவே பேசிப் பார்த்தேன். வரவில்லை, காக்கை கத்துவதைப் போல இருந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காடிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று, செம்மோர் வரைக்கும் ஒரு ஆட்டம், அங்கிருந்து வீடு வரைக்கும் ஒரு ஆட்டம். முதல் புள்ளியை ஒருபோதும் எனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. இதில் பயன் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பயனுக்காகப் பேசவில்லை. "இப்ப என்னா செய்வா?" என்று கேட்கும்போது பின் இருக்கை காலியாக இல்லாத மாதிரி ஒரு கணம் தோன்றும். அதற்காகப் பேசினேன்.

இந்த வருடம் மாநிலத் தேர்வு வந்தது. முப்பதை நெருங்குகிறேன், கூடப் பயிற்சி எடுப்பவர்கள் என்னை அக்கா என்று கூப்பிடுகிறார்கள். இந்த முறையும் முதல் சுற்றோடு போனால் இனி உன்னை அழைக்க மாட்டேன் என்று பயிற்சியாளர் நேராகவே சொல்லிவிட்டார். நியாயம்தான். முதல் சுற்றில் எனக்கு வாய்த்தவள் போன வருடத்து வெற்றியாளர். அதைக் கேட்டதும் பழையபடி வாசல் பக்கம் பார்த்தேன். சிங்கப்பூருக்கு அழைத்துச் சொன்னேன்.

"லீவு கெடைக்கல லா" என்றாள். "ஆனா நா அங்கதான் இருப்பேன். உம் பின்னால. காதக் குடுத்துக் கேளு, என் சத்தம் வரும். சரியா?"

"சரி" என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் காலையில் எடை பார்க்கப் போனேன். அவள் சத்தம் வந்தால் ஜெயிப்பேன், வராவிட்டால் இதுவே கடைசி என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அம்மாவுக்கு மூட்டு வலி, வரவில்லை. மூலையில் பயிற்சியாளர் மட்டும்.

விசில் அடித்தது. வந்தவள் சின்னப் பெண், மின்னல் வேகம். ரெண்டு புள்ளி போனது. திரும்ப ரெண்டு. இடைவேளையில் பயிற்சியாளர் சொன்னது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. தண்ணீரைத் துப்பிவிட்டு உள்ளே போனேன். அந்தப் பெண் இடது பக்கம் வருவாள் என்று தோன்றியது, வந்தாள். கையை உள்ளே விட்டேன். நழுவியது. வேறு கையை விட்டேன். நழுவவில்லை. அவளைக் கவிழ்த்து, உருட்டி, தோளிரண்டும் மேட்டில் படும்வரை அழுத்தினேன். நடுவர் மேட்டை அறைந்தது மட்டும் கேட்டது. என் கையைத் தூக்கினார்கள். பயிற்சியாளர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். நானும் சிரித்தேன்.

உடுப்பு மாற்றும் அறையில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கும்போதுதான் தெரிந்தது. என் பழைய ஜோடி வரவே இல்லை. ஆட்டம் முழுக்க ஒரு தடவைகூட அவள் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதைவிட, நான் காது கொடுக்கவே இல்லை. நாலு புள்ளி கீழே கிடந்தபோதுகூட அவளைத் தேடவில்லை. அவள் இல்லாமல் என்னால் முடிகிறது. இத்தனை நாள் எனக்கு வேண்டியது அதுதான் என்று நினைத்திருந்தேன். கிடைத்தபோது யாரோ என்னிடமிருந்து எதையோ பறித்துக்கொண்ட மாதிரி இருந்தது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

கைப்பேசி அடித்தது. அவள்தான். இடைவேளையில் எங்கோ ஒளிந்து நின்று பேசுகிறாள் போல, குரலைத் தணித்திருந்தாள்.

"என்னாச்சுடி?"

"ஜெயிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு கூச்சல். யாரோ அதட்டுவதும் கேட்டது. அவள் "சாரி, சாரி" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் என்னிடம் வந்தாள். மூச்சு வாங்கியது.

"எஞ் சத்தம் கேட்டுச்சா? காலைலேர்ந்து மனசுக்குள்ள கத்திக்கிட்டே இருந்தேன் லா. கேட்டுச்சா, இல்லையா?"

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"கேட்டுச்சு" என்றேன். "முடியிற வரைக்கும் கேட்டுச்சு."